சுவரோவியப் பாதுகாப்பு (காஞ்சிபுரம்)

சிதைந்த ஓவியம் மேலும் சிதையாமல் காப்பதே பாதுகாப்பு. அழிந்த கோடுகளை ஊகித்து வரைவது வேறு தொழில். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலே சான்று. ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய அக்கோயிலின் சிற்றாலயங்களில், பிற்காலச் சுண்ணப்பூச்சின் அடியில் கிடந்த ஓவியங்களை 1931-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் கண்டறிந்தார். எஞ்சியவை சோமாஸ்கந்தர் போன்ற துண்டுகள்தாம். ஆயினும் அவற்றில் ஒரு புதுக்கோடு விழுந்தால், எது எட்டாம் நூற்றாண்டு, எது நேற்றையது என்று பிரித்தறிவது கடினம். வழிபாட்டிடத்தில் குறையுருவம் தகுமா என்பர். நியாயமான கேள்விதான். முழுமை வேண்டுவோர் புதிதாகச் செய்யலாம்; காஞ்சியை அடுத்த ஓரிக்கையின் கருங்கல் மணிமண்டபம் அப்படி எழுந்ததே. ஒரு பழைய ஓவியத்தின்மேல் இன்னொரு பழைய ஓவியம் இருந்தால்? தஞ்சைப் பெரிய கோயிலில் தொல்லியல் துறை நாயக்கர் கால ஓவியப் படலத்தைப் பெயர்த்துத் தனியே பொருத்தி, அடியிலிருந்த சோழர் ஓவியத்தையும் வெளிக்கொணர்ந்தது.