பழைய ரிசீவர், புது டிவி: நடுவுல இருக்கிற ஒயரோட ஹிஸ்டரி

1/ வீட்டுக்குப் புது டிவி வந்துச்சு. மாட்ட வந்த தம்பி பிளேயரை டிவியில சொருகி, டிவியில இருந்து ரிசீவருக்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போட்டார். "சார், ரிசீவர் ரொம்பப் பழசு. லாஸ்லெஸ் சரவுண்ட் இதுல வராது, மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். 2011-ல பி.ஜி. முடிச்சு, சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கின ரிசீவர் அது. மனசு கேக்கல.

2/ நோயாளி உள்ள வந்ததும் "உறுப்பை எடுத்துடலாம்"னு எந்த டாக்டரும் சொல்றதில்ல. முதல்ல ஹிஸ்டரி கேப்போம். இதுக்கும் கேட்டேன். நாற்பது வருஷக் கதை. கொஞ்சம் பொறுமையா வாங்க.

3/ 1982-ல சிடி விற்பனைக்கு வந்தது. அடுத்த வருஷம் தோஷிபா நிறுவனம் சிடி பிளேயரையும் ரிசீவரையும் இணைக்க ஒளி போற ஒரு ஒயரைக் கொண்டுவந்தது. இன்னைக்கும் டிவி பின்னாடி சிவப்பா மினுக்குதே, ஆப்டிகல், அதான். சிடிக்கு ரெண்டே சேனல், நொடிக்குச் சுமார் 1.4 மெகாபிட். அந்த அளவுக்குத்தான் குழாய் வெட்டினாங்க. அன்னைக்கு அது தாராளம்.

4/ 1992-ல 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோட டால்பி டிஜிட்டல் தியேட்டருக்கு வந்தது. ஆறு சேனல். அப்படியே அனுப்பினா 4.6 மெகாபிட் வேணும். ஆனா ஃபிலிம்ல துளைகளுக்கு நடுவுல இருந்த இடத்துக்கு 320 கிலோபிட்தான் கிடைச்சது. என்ன செஞ்சாங்க? சத்தமான ஒலி பக்கத்துல இருக்கிற மெல்லிய ஒலியை நம்ம காதுக்கு மறைச்சிடும். அப்படி மறையறதைத் தூக்கிப் போட்டாங்க. போனது போனதுதான், திரும்ப வராது.

5/ டிவிடியும் இதே முறையில 448 கிலோபிட் வரைக்கும் போச்சு. 1983-ஓட குழாய்லயே தாராளமா ஓடுச்சு. அதனால யாரும் குழாயைப் பத்திக் கவலைப்படல.

6/ 2002 டிசம்பர்ல எச்டிஎம்ஐ வந்தது. படமும் எட்டு சேனல் ஒலியும் ஒரே கேபிள்ல. 2006-ல ப்ளூரே வந்தது. டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ் மாஸ்டர் ஆடியோ ரெண்டும் ஜிப் ஃபைல் மாதிரி: சுருக்கி வைக்கும், பிரிச்சா ஒரு பிட் குறையாது. இதுதான் லாஸ்லெஸ். அதே வருஷம் வந்த எச்டிஎம்ஐ 1.3 இதை அப்படியே ரிசீவருக்குக் கொண்டுபோச்சு.

7/ அப்போ ரூட்: பிளேயர், ரிசீவர், டிவி. இதயம் மாதிரி ரிசீவர் நடுவுல, ஓட்டம் ஒரே திசை. அப்புறம் டிவிக்குள்ளயே ஆப் வந்துச்சு. சத்தம் டிவியில பொறந்து ரிசீவருக்குப் பின்னோக்கிப் போகணும்.

8/ அதுக்காக 2009-ல எச்டிஎம்ஐ 1.4 'ஆர்க்'ங்கிற திரும்பும் வழியைக் கொடுத்துச்சு. ஆனா அதோட கொள்ளளவு? பழைய ஆப்டிகல் ஒயரோட அளவுதான்! கேபிள் புதுசு, வாசல் 1983. அடைப்பு இங்கதான் இருக்கு.

9/ இதுல ஒரு வேடிக்கை. அதே 1.4-ல கேபிள் வழியா ஈதர்நெட் போறதுக்கும் ஒரு பாதை ஒதுக்கினாங்க. கிட்டத்தட்ட யாரும் அதைப் பயன்படுத்தல. 2017-ல எச்டிஎம்ஐ 2.1 வந்தப்போ, சும்மா கிடந்த அந்தப் பாதையை எடுத்துத்தான் 'இ-ஆர்க்' போட்டாங்க. நொடிக்கு சுமார் 37 மெகாபிட். ட்ரூஹெச்டி உச்சத்துல கேக்கறதே 18 தான்.

10/ ஆக, டயக்னோசிஸ்: என் ரிசீவருக்கு ட்ரூஹெச்டியைப் பிரிக்கத் தெரியும். டிவியில இருந்து வர்ற பின்வாசல்தான் சின்னது. இதுக்கு உறுப்பு மாற்று சிகிச்சை எதுக்கு? பைபாஸ் போதும்.

11/ சிகிச்சை, ஆளுக்கு ஏத்த மாதிரி:
• ப்ளூரே இருக்கா? பிளேயரை நேரா ரிசீவர்ல சொருகுங்க.
• 4கே, எச்டிஆர் படம் பழைய ரிசீவரைத் தாண்டிப் போகாது. ரெண்டு எச்டிஎம்ஐ அவுட் உள்ள பிளேயர்னா ஒண்ணு டிவிக்குப் படம், இன்னொண்ணு ரிசீவருக்கு ஒலி.
• டிவியில இருந்துதான் வரணும்னா, இ-ஆர்க் ஒலியைப் பிரிச்சு ரிசீவரோட சாதாரண எச்டிஎம்ஐ இன்புட்டுக்குக் கொடுக்கிற சின்னப் பெட்டி இருக்கு. டிவியிலயும் இ-ஆர்க் இருக்கணும்.
• ரிசீவர்ல எச்டிஎம்ஐயே இல்லையா? ஆப்டிகல்ல லாஸ்லெஸ் சரவுண்ட் வராது. ஆறு அனலாக் இன்புட் இருந்தா, அதே மாதிரி அவுட்புட் உள்ள பிளேயர் தேடுங்க.

12/ முக்கியமானது: ஓடிடி மட்டும்தான் பாக்கறீங்கன்னா பர்ஸை மூடி வைங்க. அங்க வர்ற சரவுண்ட் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ். அட்மாஸ்னு போட்டிருந்தாலும் அது இழப்புள்ள ஒலிதான். புது ரிசீவர் வாங்கினாலும், அனுப்பாததை அது உருவாக்காது.

13/ என் பிளேயர்ல ரெண்டாவது எச்டிஎம்ஐ அவுட் இருந்துச்சு. அதோட பிளாஸ்டிக் மூடியைக்கூட நான் கழட்டல! சொருகினேன். ரிசீவர்ல 'டால்பி டிஜிட்டல்'னே வந்துச்சு. செட்டிங்ஸ்ல பிட்ஸ்ட்ரீம் வச்சு, செகண்டரி ஆடியோவை ஆஃப் பண்ணினேன். 'ட்ரூஹெச்டி'ன்னு எழுத்து மாறுச்சு. செலவு ஒரு கேபிள்.

14/ பழசா இருக்கிறதும் பழுதா இருக்கிறதும் ஒண்ணு இல்ல. இதை ஓ.பி.யில தினமும் யார்கிட்டயாவது சொல்றேன். இந்தத் தடவை எனக்கே சொல்லிக்க வேண்டியதாப் போச்சு. உங்க வீட்டு ரிசீவரைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, பின்பக்கம் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க.