சவரத் தகடு முதல் காந்தப் படம் வரை

1856ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள், கல்கத்தா நகரில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபெனிங் என்னும் பொறியாளர் அரசுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். தாம் அமைத்த ‘திறன்மிக்க பங்கா இழுவைப் பொறி’க்குத் தமக்கே தனியுரிமை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. துரைமார் இல்லங்களிலும் கச்சேரிகளிலும் கூரையில் தொங்கிய நீண்ட துணி விசிறியை, வெளித் தாழ்வாரத்தில் அமர்ந்த ஓர் ஏழை கயிறு பற்றி இரவெல்லாம் இழுத்துக் கிடந்த காலம் அது. புதுப்புனைவுகளுக்கு உரிமை வழங்கும் சட்டம் இந்நாட்டில் பிறந்து ஒரு வாரமும் ஆகவில்லை. இந்தியக் காப்புரிமை வரலாற்றின் முதல் விண்ணப்பம் இதுவே. நாடாளும் கலையிலன்றி, வியர்வை ஆற்றும் விசிறியில் அவ்வரலாறு தொடங்கியது நினைக்கத் தக்கது.

அச்சட்டமோ அரசியாரின் முன் ஒப்புதல் பெறாமல் இயற்றப்பட்டது என்னும் காரணத்தால் 1857இல் நீக்கப்பட்டு, 1859இல் மீண்டும் உயிர் பெற்றது. இக்கதையை இங்கு விரிப்பின் பெருகும்.

‘பேட்டண்ட்’ என்னும் சொல்லுக்கு இலத்தீன் வேரில் ‘திறந்திருப்பது’ என்று பொருள். முத்திரையால் மூடப்படாமல், யாவரும் படிக்கத் திறந்து விடப்பட்ட அரசு ஓலையைக் குறித்த சொல் அது. 1474இல் வெனிஸ் குடியரசு இயற்றிய சட்டமே இத்துறையில் முந்தியது என்பர். அதன் உட்பொருள் ஓர் ஒப்பந்தம்: புனைந்தவன் தன் நுட்பத்தை ஒளிக்காமல் உலகறிய எழுதித் தரவேண்டும், அதற்கு ஈடாக, குறித்த சில ஆண்டுகள் அதனைப் பிறர் செய்யாவண்ணம் அரசு தடுத்து நிற்கும். தமிழில் நாம் வழங்கும் ‘காப்புரிமை’ என்னும் சொல் காத்தலை மட்டும் உணர்த்துகிறது, திறத்தலை உணர்த்தவில்லை. நம் சித்த மருத்துவ ஏடுகளில் மருந்துப் பெயர்கள் பரிபாடைச் சொற்களால் மறைக்கப்பட்டிருத்தலையும், குருவின் வாய்மொழி இன்றி அவற்றின் பொருள் விளங்காமையையும் எண்ணிப் பார்த்தால், திறந்த ஓலையின் அருமை புலப்படும். தந்தையோடு மறைந்த கைமுறைகள் எத்தனை!

ஆடவர் முகம் மழிக்கும் தகட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். தோல்வாரில் தீட்டிய நீண்ட கத்தியும் நாவிதரின் கைத்திறமுமே உலகெங்கும் வழக்கிலிருந்தன. அமெரிக்காவில் பாட்டில் மூடிகளை விற்கும் முகவராயிருந்தார் கிங் கேம்ப் ஜில்லெட். சோடாப் புட்டியின் தகர மூடியைப் புனைந்த வில்லியம் பெயிண்டர் அவருடைய முதலாளி. ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் பொருள் ஒன்றை எண்ணிக் கண்டுபிடி, வாங்கியவன் மீண்டும் மீண்டும் வருவான் என்று பெயிண்டர் அவருக்கு அறிவுரை கூறினார். 1895இல் ஜில்லெட்டின் உள்ளத்தில் மெல்லிய தகடு தோன்றியது. எண்ணம் எளிது, எஃகு இணங்கவில்லை. அத்துணை மெல்லிய தகட்டிற்குக் கூர் நிற்காது என்று எஃகு வல்லுநர் கைவிரித்தனர். வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர் தகட்டைப் பதப்படுத்தவும் தீட்டவும் தக்க எந்திரங்களை அமைத்துத் தந்த பின்னரே தொழில் நடந்தது. 1903இல் விற்றவை 51 கைப்பிடிகளும் 168 தகடுகளுமே. அடுத்த ஆண்டு கைப்பிடிகளின் விற்பனை 90,000ஐக் கடந்தது. காப்புரிமை 1904 நவம்பர் 15இல் கிட்டியது. அதில் ஜில்லெட்டின் பெயர் நிற்கிறது. எஃகை இணங்க வைத்தவரின் பெயரைச் சவரம் செய்வோர் எவரும் அறியார்.

கைப்பிடியை மலிவாகத் தந்து தகட்டில் இலாபம் பார்த்தவர் ஜில்லெட் என்று வணிக நூல்கள் பலவும் எழுதிவிட்டன. ஆண்டுகளை ஒப்பிட்டு நோக்கின் இது பொருந்தவில்லை. கைப்பிடியின் விலை அந்நாளில் 5 டாலர். உழைப்பாளி ஒருவனுக்கு அது பெருந்தொகை. உரிமை நீடித்த 17 ஆண்டுகளும் அவ்விலை உயர்ந்தே நின்றது. 1921இல் உரிமை காலாவதியாகி, எவரும் அவ்வடிவில் செய்யலாம் என்னும் நிலை வந்தபோதுதான் மலிவான கைப்பிடிகள் கடைக்கு வந்தன.

இத்துறையில் நம்மவர் ஒருவரும் உளர். கோவை தந்த ஜி. டி. நாயுடு (1893–1974) உலர் மின்கலத்தால் இயங்கும் சவரப் பொறி ஒன்றை உருவாக்கினார். அது ‘ரசந்த்’ என்னும் பெயரில் ஜெர்மனியில் செய்யப்பெற்று விற்பனைக்கு வந்தது. மிக மெல்லிய சவரத் தகடும், பழம் பிழியும் கருவியும், மண்ணெண்ணெயால் சுழலும் விசிறியும் அவர் கைவண்ணங்களே. டிபெனிங்கின் பங்காவையும் ஜில்லெட்டின் தகட்டையும் தமிழன் ஒருவனே தன் பட்டறையில் எதிர்கொண்டான் எனலாம்.

இனி அடுக்களைக்கு வருவோம். ‘குக்கர்’ என்று நாம் வழங்கும் அழுத்தச் சமையற்கலம் 1679இல் டெனி பாப்பேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டது. எலும்பையும் குழைய வேகவைக்கும் அக்கலத்தில் அவர் பொருத்திய காப்பு அடைப்பானின் வழித்தோன்றலே இன்று நம் வீட்டில் சீழ்க்கை அடிப்பது. 1682இல் இலண்டன் ராயல் கழகத்து அறிஞர்கள் அக்கலத்தில் சமைத்த விருந்தை உண்டு மகிழ்ந்தனர். பாப்பேனோ தம் நுட்பத்தை நூலாக எழுதி வெளியிட்டு, பிற்காலத்தில் வறுமையுற்றார். நம் நாட்டில் 1959இல்தான் ஹாக்கின்ஸ், பிரஸ்டீஜ் என்னும் பெயர்களில் இக்கலம் பரவத் தொடங்கியது. கலத்துள் அழுத்தம் மிகுவதால் நீர் 100 பாகையில் கொதியாமல் ஏறத்தாழ 120 பாகையில் கொதிக்கிறது. பருப்பு விரைந்து வேகும் மந்திரம் அவ்வளவே.

மாவரைக்கும் மின்கல் உரலின் வரலாறு வேறுவகை. 1955இல் கோவையில் பி. சபாபதி என்பார் அதனை அமைத்தார் என்பர். பின்னர் அத்தொழில் கோவையின் பட்டறைதோறும் பரவியது. ஊத்துக்குளிப் பகுதிக் கல்லும், கோவையின் மோட்டாரும், அங்குள்ளோர் கைப்பழக்கமும் சேர்ந்தே அப்பொறி ஆயிற்று. ஒருவர் பெயரில் அடைபடாத அத்தொழிலுக்குப் ‘புவிசார் குறியீடு’ என்னும் வேறொரு உரிமை பின்னர்க் கிட்டியது. காப்புரிமை ஒருவருக்கு உரியது, ஆண்டுக் கணக்கில் முடிவது. புவிசார் குறியீடு ஊருக்கு உரியது, பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தக்கது. பம்பாயிலும் தில்லியிலும் குடியேறிய நம் குடும்பங்கள் இரயிலில் அக்கல்லைச் சுமந்து சென்ற பாட்டை அறிந்தவர்க்கு, இட்டலி எத்துணைக் கனமான உணவு என்பது தெரியும். துவையலையும் மசாலையையும் அரைக்கும் ‘மிக்சி’க்கு வழிகாட்டியவர் பம்பாயில் வாழ்ந்த சத்திய பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளர். மனைவியாரின் ஜெர்மானியக் கலவைப்பொறி நம் அரவைக்குத் தாளாமல் கெட்டுப்போகவே, அவர் 1963இல் ‘சுமீத்’ பொறியை உருவாக்கினார்.

எது புதுப்புனைவு, எது கைத்தொழிலாளியின் அன்றாடச் சாமர்த்தியம் என்னும் கேள்வியை நம் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்ததும் பாத்திரத்தை முன்னிட்டே. மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கையில், பிடி நழுவித் தட்டு பறந்து தொழிலாளியைக் காயப்படுத்துவது உண்டு. மறுபுறமிருந்து ஒரு முனையால் அழுத்தித் தட்டை நிறுத்தும் அமைப்பிற்கு ஒரு நிறுவனத்தார் 1951இல் விண்ணப்பித்து உரிமை பெற்றனர். அண்டைத் தொழிலகத்தார் அம்முறையைக் கையாளவே வழக்கு மூண்டது. 1978 டிசம்பர் 13இல் வந்த தீர்ப்பு, கடைசல் எந்திரங்களில் அவ்வமைப்பு முன்னரே அறியப்பட்டது, பட்டறைத் திருத்தம் புதுப்புனைவாகாது என்று கூறி உரிமையை நீக்கியது. காயம் தவிர்த்தவனுக்கு ஒன்றும் கிட்டவில்லையே என்று மனம் வருந்தலாம். ஆயினும் ஒவ்வொரு பட்டறையும் அச்சமின்றித் தன் தொழிலாளியின் கையைக் காக்க அத்தீர்ப்பு வழிவிட்டது என்பதும் உண்மை.

இச்சட்டத்திற்கு விடுதலை இந்தியாவில் உருவம் தந்தவர் ஒரு தமிழர். சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதியாயிருந்து பின் உச்ச நீதிமன்றம் சென்ற ந. இராஜகோபால அய்யங்கார், 1957இல் நடுவணரசு பணித்தவாறு ஆராய்ந்து 1959இல் அறிக்கை அளித்தார். இந்நாட்டில் வழங்கிய உரிமைகளில் மிகப்பெரும் பகுதி அயல்நாட்டார் கையில் இருந்ததையும், அவர்கள் பொருளை இங்குச் செய்யாமல் பிறர் செய்வதைத் தடுப்பதற்கே அவற்றைப் பயன்படுத்தியதையும் அவர் எடுத்துக்காட்டினார். அதன் வழி வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972 ஏப்ரல் 20இல் நடைமுறைக்கு வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் செய்முறைக்கு மட்டுமே உரிமை, பொருளுக்கு இல்லை என்றது அது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய வழி பிறந்தது. மருந்து விலை தாழ்ந்தது. உலக வணிக உடன்பாட்டுக்கு இணங்க, 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் 20 ஆண்டு உரிமை வழங்கப்படுகிறது. அய்யங்காரின் பெயரை நம் இளைஞர் எத்துணைப் பேர் அறிவர்?

மருத்துவப் படக்கருவிகளின் வரலாறோ நெஞ்சைத் தொடுவது. 1895 நவம்பர் 8ஆம் நாள் மாலை, வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டார். டிசம்பர் 22இல் மனைவியாரின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் அதில் தெரிந்தன. ஆண்டு முடியுமுன் ஆய்வுரையை வெளியிட்டார். காப்புரிமை பெறுமாறு பிறர் தூண்டியும் மறுத்தார். தம் கண்டுபிடிப்பு மனித குலத்திற்கு உரியது என்பது அவர் கொள்கை. 1901இல் முதல் நோபல் பரிசு பெற்றபோது அத்தொகையையும் பல்கலைக்கழகத்திற்கே கொடுத்தார். முதல் உலகப் போருக்குப்பின் ஜெர்மனியின் பணம் மதிப்பிழந்தபோது அவர் சேமிப்பும் கரைந்தது, 1923இல் மறைந்தார். ஆனால் அவர் அறிவித்த சில திங்களுக்குள் உலகின் பற்பல மருத்துவமனைகளில் எலும்பு முறிவைப் படமெடுத்துப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. யாரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் தாமே ஒரு கருவி அமைத்துக் கொண்டார். அவரும் காப்புரிமையை விரும்பாதவரே; நண்பர்கள் வற்புறுத்தியதால் 1904இல் மின்னலை உணர்கருவி ஒன்றிற்கு அமெரிக்க உரிமை பெற்றும், அதனைப் பேணாது விட்டார்.

முக்கால் நூற்றாண்டு கழித்து நிலை மாறிற்று. பல கோணங்களில் எடுத்த ஊடுகதிர் அளவுகளைக் கணிப்பொறியால் கூட்டி, உடலின் குறுக்கு வெட்டைப் படமாக்கும் ‘சி.டி. ஸ்கேன்’ கருவியை ஆக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். அவர் பணிபுரிந்த இ.எம்.ஐ. நிறுவனம் நமக்குப் புதிதன்று. இசைத்தட்டில் நாய் அமர்ந்து கேட்கும் அந்தச் சின்னத்தின் குடும்பமே அது. 1968இல் உரிமைக்கு விண்ணப்பித்தனர். 1971 அக்டோபர் முதல் நாள் இலண்டனில் விம்பிள்டன் பகுதி மருத்துவமனை ஒன்றில், மூளைக்கட்டி உள்ளதென ஐயுற்ற பெண்மணி ஒருவரின் தலை முதன்முதலாகப் படமாயிற்று. பீட்டில்ஸ் குழுவின் பாட்டு விற்ற பணத்தில் பிறந்த கருவி என்று சுவையாகச் சொல்வதுண்டு. பிரிட்டிஷ் சுகாதாரத் துறையும் பெரும் பணம் கொடுத்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதே நேர்மை. இதே கணக்கை 1963, 1964ஆம் ஆண்டுகளில் கட்டுரையாக வெளியிட்ட ஆலன் கார்மக் காப்புரிமை நாடவில்லை. அன்று அதனைப் பொருட்படுத்தியவரும் இலர். 1979இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். உரிமையைக் கையில் வைத்திருந்த இ.எம்.ஐ. நிறுவனமோ போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாமல், சிறிது காலத்தில் அத்தொழிலை விட்டே விலகியது. உரிமை ஓலை ஒன்றே வணிகத்தைக் காத்துவிடாது.

காந்த அதிர்வுப் படமாகிய ‘எம்.ஆர்.ஐ.’ பற்றிய பூசல் இன்னும் ஓயவில்லை. காந்தப் புலத்தில் புற்றுத் திசுவின் அதிர்வு அடங்கும் நேரம் நல்ல திசுவினின்று வேறுபடுகிறது என்று 1971இல் எழுதியவர் ரேமண்ட் டமேடியன் என்னும் அமெரிக்க மருத்துவர். 1972இல் விண்ணப்பித்து 1974இல் காப்புரிமை பெற்றார். புலத்தைச் சீராக மாற்றி அதனின்று படம் வரையும் வழியைக் கண்டவர் பால் லாட்டர்பர். 1973இல் அது வெளியாயிற்று. அவர் பல்கலைக்கழகம் உரிமை பெற முன்வரவில்லை. செலவுக்கு ஈடாக வருமானம் வாராதென்பது அறிவுரையாளர் கணக்கு! 1977 ஜூலை 3இல் டமேடியன் குழுவினர் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உழைத்து மனித மார்பின் முதற்படத்தை எடுத்தனர். தம் உரிமையை மீறியதாக ஜெனரல் எலக்டிரிக் நிறுவனத்தின்மீது அவர் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1997இல் 12 கோடியே 87 இலட்சம் டாலர் பெற்றது. ஆயினும் 2003இல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்குமே கிட்டியது. மூவர்வரை பகிரலாம் என்னும் விதியிருந்தும் மூன்றாம் இடம் வெறுமையாய் விடப்பட்டது. டமேடியன் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து முறையிட்டார், பயனில்லை. 2022இல் காலமானார். இன்றைய படங்கள் அவர் முறையில் வரையப்படவில்லை என்பது மெய். நோயைத் தேடி மனித உடலைக் காந்தத்துள் வைக்கலாம் என்று முதலில் துணிந்தவர் அவரே என்பதும் மெய். நீதிமன்றம் ஒன்றை மதித்தது, பரிசுக் குழு மற்றொன்றை மதித்தது. இரண்டையும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு சொல்லைச் சேர்த்தது. நோய்க்குச் சிகிச்சை செய்யும் முறையைப் போலவே, நோயை அறியும் முறையும் காப்புரிமைக்கு உரிய புதுப்புனைவன்று என்று அது விலக்கிவிட்டது. எனவே படமெடுக்கும் பொறிக்கு இந்தியாவில் உரிமை பெறலாம். அப்படத்தை விளக்கொளியில் உயர்த்திப் பார்த்து, இன்ன இடத்தில் இன்ன நோய் என்று மருத்துவர் தெளியும் முறைக்கு எவரும் உரிமை கொண்டாட இயலாது.