இரண்டு பத்தில் ஒன்றுகள்

எங்கட ஊரில் சூடடித்து முடிந்ததும் வாப்பா களத்தில் வைத்தே உஷ்ரைப் பிரித்து விடுவார். மழையை நம்பி விளைந்த நெல்லில் பத்தில் ஒன்று; பாடுபட்டு நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. ஐந்து வஸக்குக்குக் குறைந்தால் ஒன்றுமேயில்லை. “பாரத்தைப் பார்த்துத்தான் கேட்கப்படுது, மகன்” என்பார்.

பிரித்தானியர் காலத்து இலங்கை விவசாயி கொடுத்த நெல்வரியும் பெரும்பாலும் பத்தில் ஒன்றுதான். எண் ஒன்று, நடைமுறை வேறு. வரி அறவிடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் விவசாயியைக் கசக்கிப் பிழிந்தார்கள். அதைச் சீர்செய்வதாக 1878இல் வந்த சட்டம் நெல்லுக்குப் பதிலாகக் காசு கேட்டது. காசுக்கு எங்கே போவது? மலைநாட்டு விவசாயிக்குக் கையில் காசு தந்தது வீட்டுத் தோட்டத்துக் கோப்பி. அதையும் அக்காலத்து இலைநோய் அழித்துவிட்டது. வரி மட்டும் நின்றது. 1880களில் வலப்பனைப் பகுதியில் நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் போயின. குடும்பங்கள் காணியிழந்தன, பசியால் மாண்டவர்களும் உண்டு. இதை வெளிக்கொண்டு வந்தவர்களுள் ஒருவர் நுவரெலியா உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர். 1892இல் நெல்வரி ஒழிந்தது.

என்னை உறுத்துவது வேறொன்று. அத்தனை காலமும் பெருந்தோட்டக் காணிக்கு இப்படியொரு நிலவரி இருக்கவில்லை. இலாபத்தின் மீது வருமான வரி வந்ததோ 1932இல்தான். கொடுக்கக் கூடியவனை விட்டுவிட்டு, முடியாதவனிடம் கேட்டார்கள்.

“ஸகாத்தும் ஒரே வீதம்தானே, கூட உழைக்கிறவன் ஏன் கூடிய வீதம் கொடுக்க வேணும்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸகாத்தின் வீதம் ஏறுவதில்லை. அரச வரியும் ஸகாத்தும் ஒன்றல்ல. ஆனால் நிஸாபுக்குக் கீழுள்ளவனை அது தொடுவதில்லை என்பதையும், நீர் இறைத்தவனுக்கு உஷ்ர் பாதியாகிறது என்பதையும் மறக்கக் கூடாது. சமமான வீதம் சமமான பாரம் அல்ல. நூறு ரூபாயில் பத்துப் போனால் அடுப்பு அணையும். இலட்சத்தில் பத்தாயிரம் போனால் அணையாது. வலப்பனையில் நட்டம் ஏழைக்கு மட்டுமா? வயல் தரிசானது, அரசுக்கும் வரி வரவில்லை, ஊரே தேய்ந்தது.

2024 தொடக்கம் பெறுமதி சேர் வரி 18 வீதம். சவர்க்காரம் வாங்கும் கூலியாளுக்கும் முதலாளிக்கும் அதே வீதம்தான். வருமான வரியைப் பற்றி வாய்கிழியப் பேசும் நாங்கள், இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை?