தேம்ஸ் நதிக்கரையின் இழுவைப் பாதை

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் ஃபாலி பாலத்தின் அடியிலிருந்து தேம்ஸ் நதியை ஒட்டி ஒரு மண்பாதை தெற்கே செல்கிறது. எதிர்க்கரையில் புல்வெளிகள், இக்கரையில் வில்லோ மரங்கள், நீரில் அன்னங்கள். ஏறத்தாழ ஒன்றரை மைல் சென்றால் இஃப்லி என்னும் சிற்றூரின் மதகு எதிர்ப்படும். அதைக் கடந்து மேடேறினால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த நார்மன் பாணித் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருப்பதைக் காணலாம். காலைப் பொழுதில் ஓடிப் பழகுவோர் இத்தொலைவைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடுகின்றனர். கால் சறுக்கும் சரிவோ மூச்சு வாங்கும் ஏற்றமோ இவ்வழியில் இல்லை. ஓடுவோரின் வசதிக்காக எவரும் இப்படிச் சமன் செய்து வைக்கவில்லை. சுமை இழுக்கும் குதிரைகளுக்காக அமைந்த பாதை இது.

லண்டனுக்கு மேற்கே டெடிங்டன் வரைதான் கடலின் ஏற்றவற்றம் எட்டும். அதற்கு மேலே நீரோட்டத்தை எதிர்த்துச் சரக்குப் படகைக் கொண்டு செல்லக் காற்றையும் துடுப்பையும் மட்டும் நம்ப முடியாது. கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தாக வேண்டும். தொடக்கத்தில் மனிதரே இழுத்தனர். பெரிய படகொன்றை நகர்த்தப் பல பத்து ஆட்கள் தோளில் கயிற்றை மாட்டிக்கொண்டு சேற்றிலும் நாணலிலும் நடந்தனர். ஆட்களின் இடத்தைக் குதிரைகள் முழுமையாகப் பிடித்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலுமே. லெச்லேடு படித்துறையிலிருந்து பாலாடைக்கட்டியும், ராட்கட் துறையிலிருந்து லண்டனின் புனித பவுல் பேராலயத்திற்கான கட்டடக் கல்லும் ஆற்றோடு இறங்கின. இறங்கிய படகுகள் மீண்டும் மேலேற வேண்டியிருந்தது. நூல்கள் பேராலயத்தைக் கட்டிய சிற்பியின் பெயரை மறவாமல் சொல்கின்றன. அப்படகுகளை இழுத்தவர் ஒருவரின் பெயரையும் அவை சொல்வதில்லை.

ஆற்றை யார் ஆள்வது என்னும் வழக்கு இந்நதிக்கு மிகப் பழையது. ஆலைக்காரர்களுக்கு நீரைத் தேக்க அணை வேண்டும். மீனவர்களுக்கு ஆற்றின் குறுக்கே அடைப்பு வேண்டும். படகோட்டிகளுக்கோ தடையற்ற நீர் வேண்டும். 1215ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜான் மன்னன் மாக்னா கார்ட்டா சாசனத்திற்கு இசைந்த ரன்னிமீடு, இதே நதிக்கரையின் புல்வெளிதான். தேம்ஸ், மெட்வே ஆறுகளிலுள்ள மீன் அடைப்புகளை அகற்றவேண்டும் என்பது அச்சாசனத்தின் முப்பத்து மூன்றாம் விதி. உரிமைகளின் தாய்ச்சாசனம் என்று போற்றப்படுவதில் மீன் அடைப்புக்கும் ஓரிடம் இருப்பதை மேடைப் பேச்சாளர் பலரும் மறந்துவிடுகின்றனர். விதி எழுதியதால் சிக்கல் தீரவில்லை. அணையின் நடுவே பலகைகளை உருவி நீரைத் திறந்துவிட, அப்பாய்ச்சலில் படகு கீழே இறங்கும். ஏறும் படகை அதே பாய்ச்சலை எதிர்த்து இழுக்க வேண்டும். திறப்பதற்கு ஆலைக்காரர் கேட்ட கட்டணத்தைத் தந்தாலன்றிப் படகு நகராது.

இந்நிலையை மாற்றியது இரட்டைக் கதவு மதகு. படகை இரு கதவுகளுக்கிடையே நிறுத்தி, நீர்மட்டத்தை உயர்த்தியோ தாழ்த்தியோ அனுப்பும் உபாயம் அது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இஃப்லியிலும் அருகிலுள்ள சாண்ட்ஃபோர்டிலும் இத்தகைய மதகுகள் கட்டப்பட்டன. 1771ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் மெய்டன்ஹெட்டிற்கும் ரெடிங்கிற்கும் இடையே எட்டு மதகுகள் எழுந்தன. இன்று லெச்லேடு தொடங்கி டெடிங்டன் வரை அவற்றின் எண்ணிக்கை 44. குதிரைப் பாதைக்கு நிலம் பெறும் அதிகாரத்தையும் அக்காலச் சட்டங்கள் நதி ஆணையர்களுக்கு அளித்தன.

ஆயினும் கரை முழுவதும் ஒரே கையில் வரவில்லை. நிலத்தின் அமைப்பும் நிலவுடைமையாளரின் மனப்போக்கும் சேர்ந்து பாதையை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தாண்டச் செய்தன. அவ்விடங்களில் குதிரையைப் படகிலேற்றி அக்கரை சேர்க்கும் தோணித்துறைகள் அமைந்தன. பிற்காலத்தில் பாதை துண்டு துண்டாகச் சிதறுவதற்கு வித்து இங்கேதான் விழுந்தது.

1840இல் ரெடிங்கையும் 1841இல் பிரிஸ்டலையும் இருப்புப்பாதை எட்டியதும் சரக்கு ஆற்றைவிட்டு அகன்றது. படகு வணிகம் நலிந்தது. கயிறு இழுத்த பாதையில் புல் மண்டியது. ஆற்றின் மீது உல்லாசம் வந்து அமர்ந்தது. 1885ஆம் ஆண்டுச் சட்டம் தேம்ஸைப் பொதுமக்களின் பொழுதுபோக்கு இடமாக ஏற்றுக் காக்க முனைந்தது. நான்காண்டுகள் கழித்து ஜெரோம் கே. ஜெரோமின் நகைச்சுவைப் பயண நூல் வெளிவந்தது.

ஓட்டத்திற்கும் இப்பாதைக்கும் உள்ள உறவு இப்புது நாகரிகத்திற்கு முற்பட்டது. ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளின் படகுப் போட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இஃப்லியிலிருந்து புறப்பட்டன. ஆறு குறுகலாதலால் படகுகள் பக்கம் பக்கமாகச் செல்ல இயலாது. ஒன்றன்பின் ஒன்றாக விரட்டி, முன்செல்வதை இடிப்பதே வெற்றி. தத்தம் கல்லூரிப் படகுடன் கூவிக்கொண்டே மாணவர் கூட்டம் இழுவைப் பாதையில் ஓடும். குதிரைக்கு அடுத்தபடியாக அப்பாதையை மிதித்துத் தேய்த்தவர் இவர்களே எனலாம். அதே இஃப்லியின் பெயரைத் தாங்கிய சாலையிலுள்ள ஓடுதளத்தில்தான் 1954 மே 6ஆம் நாள் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடிகளில் ஓடி முடித்தார். ஆற்றங்கரைக்கும் அச்சாதனைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. பெயர்ப் பொருத்தம் சுவையானது, அவ்வளவே.

வின்ட்சரில் நிகழ்ந்தது வேறு கதை. அரண்மனைத் தோட்டத்தின் தனிமையைக் கருதி 1848இல் ஒரு சட்டம் நிறைவேறியது. 1851இல் விக்டோரியா, ஆல்பர்ட் என்னும் அரசி, அவர்தம் கணவர் பெயர்களில் இரு பாலங்கள் எழுந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட அரண்மனைக் கரை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. நடப்பவரும் ஓடுபவரும் இன்றும் ஒரு பாலத்தால் அக்கரை சென்று, டாட்செட் ஊரின் வழியே சாலையில் சுற்றி, மறு பாலத்தால் திரும்புகின்றனர். புகழ்பெற்ற ஆறொன்றின் கரையில், பேரரசின் கோட்டை நிழலில், பாதசாரி ஆற்றைப் பார்க்காமல் நடக்கும் இவ்விடம் வரலாற்று மாணவர் ஒருமுறை கால்நடையாய்ச் சென்று காணத்தக்கது.

வின்ட்சரில் சட்டம் மூடியது. மற்ற ஊர்களில் வழக்கொழிவே மூடியது. குதிரை போனபின் தோணிக்காரருக்குப் பிழைப்பில்லை. துறைகள் ஒன்றொன்றாய் மறைந்தன. மார்லோவுக்கு மேலுள்ள டெம்பிள் தோணித்துறை 1953இல் நின்றது. மூல்ஸ்ஃபோர்டில் ஆற்றங்கரை வழி அறுந்து, நடப்பவர் ஊர்ச்சாலையில் ஏற நேர்ந்தது. பாதை கரையில் கிடந்தது, தொடர்ச்சிதான் இல்லை. 1949ஆம் ஆண்டின் நாட்டுப்புற நுழைவுச் சட்டம் நெடுந்தொலைவு நடைவழிகளுக்கு இடமளித்தும், தேம்ஸ் கரைக்கு அந்த நன்மை கிட்ட அரை நூற்றாண்டுக்கு நெருங்கிய காலம் பிடித்தது. நடைப்பயணிகள் சங்கமும் தேம்ஸ் நதிச் சங்கமும் விடாது வற்புறுத்தின. 1989இல் டெம்பிளில் நடப்போருக்கெனவே ஒரு மரப்பாலம் எழுந்தது. 1996இல் ஊற்றுக்கண்ணிலிருந்து லண்டன் வெள்ளத்தடுப்பு வரை, ஏறத்தாழ 184 மைல் நீளமுள்ள தேசிய நடைவழியாக இப்பாதை திறந்து வைக்கப்பட்டது.

இவ்வழியின் மேற்பகுதியே தனித்த அழகுடையது. லெச்லேடிற்குக் கீழே மக்கள் அருகிப்போன வெளியில் கெல்ம்ஸ்காட் கிராமம் உள்ளது. கவிஞரும் கைவினை இயக்கத்தின் முன்னோடியுமான வில்லியம் மோரிஸ் 1871 முதல் தம் இறுதிவரை வாடகைக்குக் கொண்டிருந்த சாம்பல்நிறக் கல்வீடு அங்கு நிற்கிறது. அவ்வூர்த் தேவாலய வளாகத்திலேயே அவர் துயில்கிறார். உடலுழைப்பை இன்பமாக்கக் கனவு கண்ட அவர், 1890இல் எழுதிய தம் கற்பனைச் சமுதாய நூலில் மாந்தரைப் படகேற்றி இவ்வாற்று வழியே இவ்வூருக்குக் கொண்டு வந்து சேர்த்தார்.

2012 முதல் ரிச்மண்டில் தொடங்கி ஆக்ஸ்போர்டில் முடியும் நூறு மைல் ஓட்டமொன்று இக்கரையில் நடந்து வருகிறது. ஓடுவோருக்கு அளிக்கப்படும் காலவரம்பு 28 மணி நேரம். இரவில் நெற்றி விளக்கின் ஒளியில் மதகுகளைக் கடக்கும் அவர்கள், சுமையற்ற தோளுடன், ஓட்டத்தை எதிர்த்து ஆள்கள் படகிழுத்த அதே திசையில் செல்கின்றனர்.

லெச்லேடிற்கு அருகில் ஓரிடத்தில் மட்டும் 1996க்குப் பின்னும் பாதை கரையை விட்டு விலகிச் சாலையில் சுற்றியது. 2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு நடைபாலம் அமைந்தது. மரம் போர்த்திய இரும்புப் பாலம் அது. கனமான உத்திரங்களைக் கொண்டுவரச் சேற்று வயலில் வழி இல்லாமற் போகவே, ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு எடுத்து வந்து கரைகளின் மேல் இறக்கி வைத்தனர்.