மையின் அளவும் விளம்பரப் பலகையின் ஆயுளும்: மில்லிலிட்டர் கணக்குக்கு ஒரு மறுப்பு

வெளியில் நிற்கும் பலகையில் மை எவ்வளவு கூடுதலாக இறங்குகிறதோ அவ்வளவு காலம் நிறம் நிற்கும் என்ற கருத்து அச்சுத் தொழில்நுட்ப எழுத்தில் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. அதற்குச் சான்றாக முன்வைக்கப்படுவது செனான் விளக்குச் சோதனை. ஐ.எஸ்.ஓ. 4892-2 முறைப்படி 102 நிமிடம் உலர் ஒளி, 18 நிமிடம் ஒளியோடு நீர்த்தெளிப்பு என மாறிமாறி வாட்டும்போது, அடர்த்தியாக அச்சிட்ட தனிநிறக் கட்டங்கள் பிந்தியே மங்குகின்றன. சோதனை முடிவை நான் மறுக்கவில்லை. அதைப் படித்த விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

சதுர மீட்டருக்கு 10 மில்லிலிட்டர் மை இறங்கினால் ஈரப்படலத்தின் தடிமன் 10 மைக்ரான். யூ.வி. மை என்றால் அது ஏறக்குறைய முழுவதும் இறுகி அப்படியே தங்கிவிடும். சால்வெண்ட் மையிலோ பெரும்பகுதி ஆவியாகி, மிஞ்சுவது ஓரிரு மைக்ரான்தான். வெயிலைத் தாங்குவது காய்ந்த படலத்தில் உள்ள நிறமி. அப்படியிருக்க, இவ்விரண்டையும் ஒரே மில்லிலிட்டர் கணக்கில் ஒப்பிடுவதற்குப் பொருளில்லை. நிறமியிலும் ஒரு வரம்பு உண்டு. படலம் தடித்திருந்தால் மேலடுக்கே ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், அடியிலுள்ளது தப்பிக்கும், ஆயுள் கூடும். மெல்லிய படலத்தில் எல்லாத் துகளும் முழு ஒளியையும் வாங்குகின்றன. அங்கே மையைச் சற்றுக் கூட்டினாலும் மங்கும் வேகம் அதிகம் மாறாது. சோதனைக் கட்டங்கள் முதல் வகை. உண்மையான பேனரில் ஒரு முகமோ வெளிர் வானமோ பெரும்பாலும் இரண்டாம் வகை: இங்க்ஜெட் அங்கே இடைவெளிவிட்டுத் தனித்தனிப் புள்ளிகளையே வைக்கிறது. முகத்தின் நிறம் மஞ்சளையும் மெஜந்தாவையும் நம்பியிருப்பது. வெயிலில் பெரும்பாலும் அவையே முதலில் போகின்றன. தாமிர தாலோசயனின் நிறமியாலான சியானும் கரியாலான கறுப்பும் நிற்கின்றன. எழுத்து பளிச்சென்று இருக்க, முகம் மட்டும் நீலம் பாரித்த ப்ளெக்ஸ் எந்த ஊர்ச் சாலையிலும் உண்டு. மொத்த மையைக் கூட்டினாலும் இந்த வரிசை மாறப்போவதில்லை. நிறமியை மாற்றினால் மாறலாம்.

அளவு மிஞ்சும்போது சேதம் வேறு இடத்தில் தொடங்குகிறது. நான்கு நிறமும் முழுதாக விழுந்தால் கணக்குப்படி 400 விழுக்காடு. அவ்வளவு சால்வெண்ட் வினைலுக்குள் ஊறி அதை இளக்கும். பின்புறப் பசையும் தளர்ந்து ஓரங்கள் சுருளும். யூ.வி. மையில் தடித்த அடுக்கின் நிறமியே விளக்கின் கதிரை மறைத்துவிடுவதால் அடிப்பகுதி சரியாக இறுகாமல் போகலாம், மடிக்கும்போது வெடிக்கும். ஒற்றை நிறக் கட்டத்தில் இவை வெளிப்படுவதில்லை. சோதனையின் குருட்டுப்புள்ளி அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

லேமினேஷன் போட்டால் சிக்கல் தீரும் என்பார்கள். அது மங்குவதைத் தள்ளிப்போடும். ஆனால் ஈரம் வற்றுமுன் ஒட்டினால் சால்வெண்டை உள்ளேயே அடைத்துவிடும். பின்னொளிப் பலகையில் இருமுறை அச்சிடுவதை எடுத்துக்காட்டுவோரும் உண்டு. அது விளக்கு எரியும்போது நிறம் வெளிறாமல் தெரிவதற்கான ஏற்பாடு. ஆயுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி ஆயுள் முடிவு வெளியிடுவோர் நிறமியின் பெயர், காய்ந்த படலத்தின் தடிமன், கலப்பு வெளிர்நிறங்களின் நிலை ஆகிய மூன்றையும் சேர்த்துத் தர வேண்டும். இவையில்லாத மில்லிலிட்டர் எண்ணை உத்தரவாதமாக ஏற்கக் கூடாது.