விற்பனைக்குப் பணிப்பெண்கள்: சமூக ஊடக நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

பழைய சோபாவை விற்பதுபோல் ஒரு பெண்ணின் படம். கீழே வயது, நாடு, விலை.

"இதெல்லாம் எங்கேங்க நடக்குது?" என்று கேட்பீர்கள். இன்ஸ்டகிராமிலேயே நடந்தது. 2019 அக்டோபரில் பிபிசி அரபுப் பிரிவு அதைக் குவைத்திலிருந்து வெளிக்கொண்டுவந்தது. வாங்க வந்தவர்கள்போல் நடித்த செய்தியாளர்களிடம் கினி நாட்டைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியையும் விற்க முன்வந்தனர். குவைத்தில் இல்லப் பணிப்பெண்ணுக்குக் குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

விளம்பரங்களில் பெரும்பாலும் 'விற்பனை' என்ற சொல்லே இருக்காது. 'இடமாற்றம்' என்றுதான் போடுவார்கள். அங்கே ஊழியரின் விசா முதலாளியுடன் கட்டப்பட்டது. அதை இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது.

இன்ஸ்டகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக்கின் விதிகளில் ஆள்கடத்தலுக்குத் தடை இருக்கத்தான் செய்தது. பிபிசி கேட்டபோது, ஒரு ஹேஷ்டேக்கை முடக்கியதாக நிறுவனம் சொன்னது. அதை உண்மையில் உசுப்பிவிட்டது ஆப்பிள்தான். ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் இரண்டையும் தன் செயலிக் கடையிலிருந்து தூக்கிவிடப்போவதாக ஆப்பிள் எச்சரித்தது. அதன்பிறகு நீக்கும் வேலை சூடுபிடித்தது.

2021இல் வெளியே கசிந்த உள் ஆவணங்கள் இன்னொன்றையும் காட்டின: பிபிசி கேட்பதற்கு முன்பே நிறுவனத்துக்கு விஷயம் தெரியும். அந்த ஆண்டும் 'பணிப்பெண்' என்பதற்கான அரபுச் சொல்லைத் தேடினால், ஆப்பிரிக்க, தெற்காசியப் பெண்களின் படங்கள் விலையுடன் வந்ததாக ஏபி செய்தி நிறுவனம் சொன்னது.

ஏன் சிக்குவதில்லை? படத்தில் ரத்தமும் இல்லை, ஆபாசமும் இல்லை. கணினிக்கு அது சாதாரண வேலை விளம்பரம். அந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவர் பார்த்தால்தான் விவகாரம் புரியும்.

நம் வட்டாரத்தில் கதை வேறு மாதிரி. அதிகச் சம்பளம், இலவச விமான டிக்கெட் என்று விளம்பரம் வரும். நம்பிப் போனால் மோசடி நிலையத்தில் அடைத்து, மற்றவர்களை ஏமாற்றச் சொல்வார்கள். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் அப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது.

மோசடி நிலையங்களுடன் தொடர்புடைய 2 மில்லியனுக்கும் அதிகமான கணக்குகளை 2024இல் மூடியதாக மெட்டா சொல்கிறது. பெரிய எண்தான். ஆனால் ஒரு கணக்கை மூடினால் இன்னொன்றைத் திறக்க எவ்வளவு நேரமாகும்?

இப்படியொரு விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கணக்கின் பெயரையும் இணைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு நீக்கப்பட்டால் அதை மறுபடி பார்க்க முடியாது. பிறகு தளத்திலும் காவல்துறையிடமும் புகார் கொடுங்கள். தளத்தில் 'மோசடி' என்பதை மட்டும் தட்டிவிட்டுப் போகாதீர்கள். ஆள்கடத்தல் அல்லது சுரண்டல் என்ற பிரிவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.