கண்ணாடிச் சுவரும் விண்ணப்பப் படிவமும்

வேலைத்தலத்தின் கட்டிடத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்பது என் தரப்பு. பிரதி என்றால் அதில் சொன்னதும் இருக்கும், சொல்லாமல் விட்டதும் இருக்கும். ஒலிவெட்டி கம்பெனியின் கட்டிடங்களை இப்படித்தான் வாசித்துப் பார்க்கிறேன்.

வட இத்தாலியின் இவ்ரேயாவில் 1908இல் கமில்லோ ஒலிவெட்டி தட்டச்சு எந்திரக் கம்பெனியைத் தொடங்கியது சிவப்புச் செங்கல் கட்டிடத்தில். மகன் அத்ரியானோ, 1930களில் ஃபிஜினி, பொல்லினி என்ற இரு கட்டிடக் கலைஞர்களைக் கொண்டு அதையொட்டியே கண்ணாடி முகப்புள்ள ஆலையை எழுப்பினார். எந்திரத்தின் வடிவம், விளம்பரச் சுவரொட்டி, ஆலைச் சுவர் மூன்றும் ஒரே குரலில் பேசவேண்டும். 1959இன் எலெயா கணிப்பொறி வரை இதுதான் கம்பெனியின் அடையாளம். நூலகம், குழந்தைகள் காப்பகம், மருத்துவ வசதி எல்லாம் இதோடு சேர்ந்தவை. இதை முதலாளித்துவ ஏமாற்று என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. இருட்டுக் கொட்டகையில் நாளெல்லாம் நின்றவனுக்கு ஜன்னல் என்பது சித்தாந்தம் இல்லை, ஜன்னல்தான்.

1955இல் நேப்பிள்ஸ் அருகே பொட்சுவோலியில் திறந்த ஆலை இந்தக் கனவின் உச்சம். லூயிஜி கொசென்சா வடிவமைத்தது. தாழ்ந்த கட்டிடங்கள், தோட்டம், குளம், எதிரே வளைகுடா. வேலையிடம் தொழிலாளிக்கு வதைக்கருவியாக இல்லாமல் மீட்சிக்கான கருவியாக இருக்கவேண்டும் என்று திறப்பு விழாவில் அத்ரியானோ பேசினார். ஆனால் அது வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த தெற்கு இத்தாலி. உள்ளே இடமோ கொஞ்சம், வாசலில் நிற்பவர்களோ ஏராளம். ஆளைப் பொறுக்க உளவியல் சோதனை வந்தது.

சினிஸ்கல்லி, ஃபோர்த்தினி போன்ற கவிஞர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட கம்பெனி அது. பொட்சுவோலியில் ஆளெடுக்கும் பொறுப்பில் இருந்தவரும் ஒரு எழுத்தாளர்தான்: ஒத்தியெரோ ஒத்தியெரி. அந்த அனுபவத்தை 1959இல் ‘தொன்னாரும்மா அல்லஸ்ஸால்தோ’ என்ற நாவலாக, நாட்குறிப்பு வடிவில் எழுதினார். தொன்னாரும்மா வேலை கேட்டு வருகிறான். படிவத்தை நிரப்ப மாட்டேன் என்கிறான். வேலை செய்ய வந்தவன் எதுக்கு மனு எழுதணும் என்பது அவன் கட்சி.

அழகான கட்டிடத்துக்கு எதிராக அவன் ஒண்ணும் சொல்லவில்லை, கவனியுங்கள். உள்ளே விடு என்கிறான், அவ்வளவுதான். கண்ணாடி பார்வையை உள்ளே விடும், ஆளை விடாது. முகப்பு சொல்லாமல் விட்டதை வாசல் சொல்லிவிடுகிறது.

1960இல் அத்ரியானோ இறந்தார். 1964இல் மின்னணுப் பிரிவு ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கைக்குப் போனது. 2018இல் இவ்ரேயா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கட்டிடத்தைப் பட்டியலில் ஏற்றலாம். வாசலில் நின்றவனை எதில் ஏற்றுவது? அவன் நாவலில்தான் இருக்கிறான். அதை எழுதியவரோ மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து படிவத்தை நீட்டியவர். எழுதுகிற நாம் அந்த மேஜைக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச எனக்கு வரவில்லை.